கடுகு போடலாம் வாருங்கள்: மட்டக்களப்பு, அம்பாறை வளவுகளுக்கு ஒரு வழிகாட்டி

கடுகில் நீங்கள் எடுக்கவேண்டிய பெரிய முடிவுகள் இரண்டுதான். எந்த நாள் விதைப்பது, எந்த நாள் வெட்டுவது. நடுவில் உள்ள மூன்று மாதத்தில் முக்கால்வாசி வேலையைச் செடியே பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த இரண்டு நாளில் ஒன்று பிசகினாலும் கைக்கு வருவது வெறும் சருகுதான். ஆகவே இந்தக் கட்டுரையில் அந்த இரண்டைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகவே பேசப்போகிறேன். மற்றதெல்லாம் போகிற போக்கில்.

நம் பக்கத்துக் கடைகளில் கிடைக்கும் கடுகில் பெரும்பங்கு இறக்குமதிதான். இவ்வளவுக்கும் இது உலர்வலயச் சேனைகளில் காலம்காலமாக விளைந்த பயிர். சோளன், இறுங்கு, பயறு என்று போடும்போது இடைவெளியில் ஒரு பிடி கடுகையும் எறிந்துவிடுவார்கள். அது தன்பாட்டில் வளரும். இப்போது சேனை குறைந்துவிட்டது, அதோடு கடுகும் குறைந்துவிட்டது. வளவில் பத்துச் சதுர மீற்றர் இடம் இருந்தால் ஒரு வீட்டுக்கு வேண்டிய கடுகை எடுத்துவிடலாம். நல்லபடி வந்தால் அரைக் கிலோவும் அதற்குக் கொஞ்சம் மேலும் கிடைக்கும். தாளிக்க மட்டும் என்றால் ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு அது ஒரு வருடத்துக்கும் காணும்.

நாள் குறித்தல்

விதைக்கும் நாளைக் கண்டுபிடிக்க, வெட்டும் நாளில் இருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கடுகு விதைத்து ஏறத்தாழ 85 முதல் 95 நாளில் முற்றும். முதல் ஆறேழு கிழமை மண்ணில் ஈரம் வேண்டும். பூக்கும் காலத்தில் சூடு குறைவாக இருந்தால் நல்லது. காய் முற்றும் கடைசி மூன்று கிழமை மழையே வேண்டாம். முற்றிய காயில் மழை பட்டால் உள்ளே விதை கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும், சில வேளை காய்க்குள்ளேயே முளைத்தும்விடும்.

மட்டக்களப்பில் வருடத்துக்கு 1,600 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி நவம்பர் முதல் ஜனவரி வரை கொட்டித் தீர்த்துவிடும், டிசெம்பர்தான் உச்சம். பெப்ரவரியில் மழை நன்றாகக் குறையும். அப்படியென்றால் வெட்டு பெப்ரவரி கடைசியில் அல்லது மார்ச் தொடக்கத்தில் விழவேண்டும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் விதைப்பு நவம்பர் கடைசிக் கிழமைக்கும் டிசெம்பர் முதல் கிழமைக்கும் இடையில் வரும். நம்மவர் கணக்கில் சொன்னால், திருக்கார்த்திகையை ஒட்டி விதைப்பு, தைப்பொங்கலில் பூ, சிவராத்திரியை ஒட்டி வெட்டு.

“சேனையில் ஐப்பசி முதல் மழைக்கே போடுவார்களே?” என்று யாராவது மூத்தவர் கேட்பார். கேட்பது சரிதான். படுவான்கரையில் உள்ளே தள்ளி, தண்ணீர் நிற்காத மேட்டுநிலத்தில், கிணறும் இல்லாமல் மழையை மட்டும் நம்பிச் செய்கிறவருக்கு ஒக்டோபர் பிற்பகுதிதான் பொருத்தம். அவருக்கு ஈரம் கிடைப்பதுதான் பெரிய கேள்வி. எழுவான்கரையில், கடற்கரைப் பக்கத்து மணல் வளவில், கிணற்றுத் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறவருக்கு ஈரம் ஒரு பிரச்சினையே இல்லை. வெட்டும்போது வெயில் கிடைக்குமா என்பதுதான் அவருடைய கவலை. ஆகவே அவர் ஒரு மாதம் பிந்திப் போடலாம்.

ஒரு எச்சரிக்கை. தை பிறந்துவிட்டால் மழை போய்விடும் என்று கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் போடாதீர்கள். 2011 ஜனவரியில் இந்த இரண்டு மாவட்டங்களையும் பெருவெள்ளம் எப்படி மூழ்கடித்தது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். நவம்பர் கடைசியும் சும்மா இருக்கும் மாதம் கிடையாது, 1978இன் சூறாவளி அடித்ததும் நவம்பர் 23இல்தான். தாழமுக்கம் பற்றிய அறிவித்தல் இருந்தால் விதைப்பை ஒரு கிழமை தள்ளிப்போடுங்கள். ஒரு கிழமையில் எதுவும் குடிமுழுகிப் போகாது. ஜனவரியைத் தாண்டிப் போட்டால்தான் பூக்கும் நேரம் பங்குனி வெயிலில் மாட்டிக்கொள்ளும், விளைச்சலும் குறையும்.

நிலம்

கடுகுக்கு மண் பெரிதாக முக்கியம் இல்லை, தண்ணீர் வடிவதுதான் முக்கியம். வேரில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நின்றால் இளம் செடி மஞ்சளித்துவிடும். கல்லடி, களுவாஞ்சிகுடி, காரைதீவு, திருக்கோவில் போன்ற கரையோரத்து மணல் தண்ணீரை உடனே விட்டுவிடும், ஆனால் சத்து நிற்காது. சம்மாந்துறை, வெல்லாவெளி போன்ற வயல்பக்கங்களில் மண் கனம். அங்கே வயலுக்குள் நினைக்கவே வேண்டாம், வளவின் மேடான பக்கத்தைப் பாருங்கள். களப்போரத்தில் இலேசான உவர் இருந்தாலும் கடுகு ஓரளவு தாங்கும். வெண்மையாக உப்புப் பூத்த நிலம் என்றால் விட்டுவிடுங்கள்.

பாத்தியை ஒரு மீற்றர் அகலத்தில், ஒரு சாண் உயரத்தில் கட்டுங்கள். இரண்டு பக்கமும் நின்று கை எட்டவேண்டும், அதற்குத்தான் அந்த அகலம். பத்து மீற்றர் நீளப் பாத்திக்கு நன்றாக மக்கிய மாட்டெரு நான்கைந்து வாளி போட்டுக் கொத்திக் கலந்துவிடுங்கள். மணல் வளவு என்றால் இன்னும் இரண்டு வாளி கூட்டலாம். பச்சைச் சாணம் வேண்டாம். கூட்டெரு இருந்தால் அதுவும் நல்லது.

கடுகின் காரம் வருவது அதில் இருக்கும் கந்தகச் சேர்மங்களால். கந்தகம் குறைந்த மண்ணில் கடுகு விளையும், ஆனால் காரம் சற்று மட்டாக இருக்கும். கடற்கரை மணலில் மற்றச் சத்துகளைப் போலக் கந்தகமும் மழையோடு கழுவப்பட்டுப் போகும். எரு நிறையப் போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இரசாயனப் பசளை போடுகிறவர்கள் யூரியாவுக்குப் பதில் அமோனியம் சல்பேட் கிடைத்தால் அதைப் போடலாம், அதில் கந்தகமும் சேர்ந்து வரும். எவ்வளவு என்பதை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். கமநல சேவை நிலையத்தில் அவரைப் பிடிக்கலாம். முடியாவிட்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு ஒரு அழைப்பு எடுங்கள்.

கோவா, நோக்கோல், ராபு இதெல்லாம் கடுகின் சொந்தக்காரர்கள். போன போகத்தில் இவை நின்ற பாத்தியில் கடுகு போடவேண்டாம், அதே பூச்சியும் அதே நோயும் காத்துக்கொண்டிருக்கும். கச்சானோ பயறோ நின்ற இடம் மிக நல்லது.

வேலி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். கட்டாக்காலி மாடும் ஆடும் கடுகு இலையை விரும்பித் தின்னும். ஒரு இரவு போதும்.

விதை

சேனை செய்கிறவர் யாராவது தெரிந்தவர் இருந்தால் அவரிடம் ஒரு கைப்பிடி வாங்குவதுதான் நல்ல வழி. நம் மண்ணுக்குப் பழகிய விதை அது. இல்லாவிட்டால் விவசாயத் திணைக்களத்தின் விதை விற்பனை நிலையங்களில் விசாரியுங்கள். கரடியனாற்றில் இருக்கும் விவசாயப் பயிற்சி நிலையத்துக்குப் போகிறவர்கள் அங்கேயும் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம்.

ஒன்றும் கிடைக்கவில்லையா, பலசரக்குக் கடைக் கடுகும் முளைக்கும். ஆனால் முளைக்குமா என்று பார்க்காமல் பாத்தியில் போடாதீர்கள். நூறு விதையை எண்ணி ஈரத் துணியில் பரப்பிச் சுருட்டி, காயாமல் வைத்திருங்கள். மூன்று நான்கு நாளில் எண்பதுக்கு மேல் முளைவிட்டால் நல்ல விதை. ஐம்பது அறுபது என்றால் இரண்டு மடங்கு போடவேண்டும். அதற்கும் குறைந்தால் சட்டியில் போட்டுத் தாளிக்கத்தான் உதவும்.

ஒரு கிராமில் நானூறு ஐந்நூறு விதை இருக்கும். பத்துச் சதுர மீற்றருக்கு மட்டமாக ஒரு தேக்கரண்டி விதை தாராளம். புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் இங்கேதான் கையை அதிகம் அவிழ்த்துவிடுகிறார்கள்.

விதைப்பு

காலையில் பாத்தியை மட்டப்படுத்தி, பூவாளியால் நனைத்துவிடுங்கள். முப்பது சென்றிமீற்றர் இடைவெளியில், விரலால் அல்லது குச்சியால் ஒரு சென்றிமீற்றர் ஆழத்துக்குக் கோடு இழுங்கள். அந்த ஒரு தேக்கரண்டி விதையோடு ஒரு சிரட்டை காய்ந்த மணலைக் கலந்துகொள்ளுங்கள். மணல் கலக்காவிட்டால் விதை விரலிடுக்கால் கொத்தாக விழும். கோட்டில் தூவி, மேலே இலேசாக மண்ணை இழுத்து மூடி, உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திவிடுங்கள். ஆழமாகப் புதைத்தால் வெளியே வர அந்தச் சின்ன விதைக்குச் சக்தி இருக்காது.

முதல் ஐந்து நாளுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று எறும்பு, அது விதையை வரிசையாகத் தூக்கிக்கொண்டு போய்விடும். பாத்தியைச் சுற்றிச் சாம்பல் தூவிவிடுங்கள், மழை பெய்தால் திரும்பவும் தூவுங்கள். மற்றது மழையேதான். அடைமழைத் துளி விழுந்தால் ஒரு சென்றிமீற்றரில் இருக்கும் விதை இடம்பெயர்ந்து பாத்தியின் ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இதற்கு நம் ஊர்க் கிடுகைவிட நல்ல மருந்து கிடையாது. நான்கு மூலைக்கும் முழங்கால் உயரத்தில் தடி நட்டு, குறுக்கே கம்பு வைத்து, மேலே கிடுகைப் போடுங்கள். கோழி கிளறுவதும் நின்றுவிடும். முளை வெளியே வந்ததும், அதாவது மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ, கிடுகை எடுத்துவிடவேண்டும். நிழலிலேயே விட்டால் நாற்று வெளிறி நெட்டையாகப் போய்ச் சாயும். பிறகு கடும் மழை வரும்போது மட்டும் போட்டு எடுக்கலாம்.

முளைத்த பிறகு

இரண்டாம் கிழமைக் கடைசியில் செடியைக் கலைத்துவிடவேண்டும். செடிக்குச் செடி பத்துப் பதினைந்து சென்றிமீற்றர் இருக்கட்டும், மீதியைப் பிடுங்குங்கள். மனம் வராது. ஆனால் நெருக்கமாக நிற்கும் கடுகு கிளைவிடாமல் ஒற்றைத் தண்டாக மேலே போய், பத்துப் பன்னிரண்டு காயோடு நின்றுவிடும். இடம் கிடைத்த செடி இடுப்பளவுக்கு வளர்ந்து, சுற்றிவரக் கிளைத்து, நூற்றுக்கணக்கில் காய்க்கும்.

பிடுங்கிய இளஞ்செடியை வீசவேண்டாம். வேரை வெட்டிவிட்டுக் கழுவி, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பூ சேர்த்துச் சுண்டினால் சோற்றுக்கு நல்ல சுண்டல். இலையில் ஒரு சிறிய உறைப்பு இருக்கும், மீன் குழம்போடு அது நன்றாகச் சேரும்.

களை பிடுங்கும்போது நாய்வேளையைக் கவனியுங்கள். நாய்க்கடுகு என்றும் சொல்வார்கள். அதற்கும் நான்கு இதழ் மஞ்சள் பூதான், காயும் நீளமாகத்தான் இருக்கும். தூரத்தில் பார்த்தால் புதியவர் ஏமாந்துவிடுவார். கையால் தொட்டுப் பாருங்கள். நாய்வேளை பிசுபிசுவென்று ஒட்டும், ஒரு கெட்ட வாடையும் வரும், ஒரு காம்பில் மூன்று ஐந்து சிற்றிலைகள் இருக்கும். கடுகின் இலை ஒற்றை இலை, விரலில் ஒட்டாது.

மழை பெய்கிற நாளில் தண்ணீர் ஊற்றவேண்டியதில்லை. நான்கைந்து நாள் மழை விட்டுவிட்டால் மணல் வளவுக்காரர் மாலையில் ஒருமுறை ஊற்றலாம். பூ வந்த நேரமும் காய் பிடிக்கும் நேரமும் வாடவிடக்கூடாது. காய்கள் பருத்து மஞ்சளிக்கத் தொடங்கியதும் தண்ணீரை நிறுத்திவிடுங்கள்.

பூவும் பூச்சியும்

நாற்பது நாளளவில் பூக்கும். கடுகு பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும், இருந்தாலும் தேனீ வந்தால் காய் இன்னும் நன்றாகப் பிடிக்கும். பூத்த பிறகு காலை வேளையில் எந்த மருந்தும் அடிக்காதீர்கள், தேனீ வேலை செய்வது அந்த நேரத்தில்தான்.

கடுகின் முதல் எதிரி அழுக்கணவன், அதாவது அசுவினி என்னும் சாறுறிஞ்சிப் பூச்சி. வானம் மூடி, குளிர்ந்து, மழையும் இல்லாமல் இரண்டு மூன்று நாள் இருந்தால் பூக்காம்பின் நுனியில் பச்சையாகவோ சாம்பல் நிறத்திலோ அப்பிக்கொண்டு நிற்கும். நுனி சுருண்டுவிட்டால் அந்தக் கிளையில் காய் கிடையாது. ஒவ்வொரு நாளும் காலையில் பாத்தியைச் சுற்றி ஒரு நடை நடந்து, ஐந்தாறு செடியின் பூக்காம்பை விரலால் மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். ஒன்றிரண்டு செடியில் மட்டும் என்றால் அந்த நுனியைக் கிள்ளி, வாளித் தண்ணீரில் போட்டு அமிழ்த்திவிடுவதே போதும். பரவிவிட்டால் மாலையில் சவர்க்காரக் கரைசலோ வேப்பங்கொட்டைச் சாறோ தெளியுங்கள். சவர்க்காரம் ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம், இலை கருகும். பொறிவண்டு நடமாடினால் ஒன்றும் செய்யாமல் இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். அழுக்கணவனைத் தின்றே அது வேலையை முடித்துவிடும்.

இலையில் ஊசிக்குத்துப் போல ஓட்டைகள் தெரிந்தால் அது தெள்ளு வண்டு. நாற்றுப் பருவத்தில்தான் ஆபத்து. பனி ஈரத்தோடு அதிகாலையில் சாம்பல் தூவினால் பெரும்பாலும் அடங்கும். புழு கண்ணில் பட்டால் கையால் எடுப்பதே சுகம். பத்துச் சதுர மீற்றருக்குக் கடை மருந்து வாங்கப் போவது என் கணக்கில் வீண் செலவு.

வெட்டு

இதோ, இரண்டாவது நாள்.

கடுகுக் காய் எல்லாம் ஒன்றாக முற்றாது. கீழே இருப்பது முதலில், நுனியில் இருப்பது கடைசியில். நுனி முற்றட்டும் என்று காத்திருந்தால் கீழ்க்காய் வெடித்து மண்ணில் கொட்டிவிடும். அந்தக் கீழ்க்காயில்தான் நல்ல பருத்த விதை இருக்கும். அப்போ எப்போது வெட்டுவது?

அடி இலைகள் மஞ்சளித்து உதிர்ந்திருக்கவேண்டும். நான்கில் மூன்று பங்கு காய் பச்சை மாறி வைக்கோல் நிறத்துக்கு வந்திருக்கவேண்டும். நடுத்தண்டின் நடுப்பகுதியில் இருந்து ஒரு காயைப் பறித்து, நகத்தால் பிளந்து பாருங்கள். காய்க்குள் மெல்லிய ஒரு வெள்ளைத் தோல் நடுவே ஓடும், அதன் இரண்டு பக்கமும் விதை வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும். விதை பச்சையாக இருந்தால் இன்னும் ஒரு கிழமை. மண்ணிறம் ஏறி, இரண்டு விரலுக்கு நடுவில் அழுத்தினால் நசுங்காமல் உருண்டால் நேரம் வந்துவிட்டது. விதை கருத்து, தொட்டவுடன் காய் தெறித்தால் நீங்கள் பிந்திவிட்டீர்கள், அன்றைக்கே வெட்டுங்கள்.

வெட்டுவது அதிகாலையில், பனி காயுமுன். ஈரத்தில் காய் வெடிக்காது. வெயில் ஏறிய பிறகு தாக்கத்தியை வைத்தால் ஒவ்வொரு இழுப்புக்கும் விதை சடசடவென்று கொட்டும். அடித்தண்டோடு அறுத்து, உதறாமல், குழந்தையைக் கிடத்துவதுபோல மெதுவாகப் படங்கில் கிடத்துங்கள். படங்கைப் பாத்திக்குப் பக்கத்திலேயே விரித்துவைத்துக்கொண்டால் வழியில் சிந்தாது. பிறகு நான்கு மூலையையும் பிடித்துத் தூக்கிப்போய், மழை படாத, காற்றோட்டமான இடத்தில் நான்கிலிருந்து ஏழு நாள் காயவிடுங்கள். பச்சையாக இருந்த நுனிக்காயும் இந்த நாளில் முற்றிக்கொள்ளும். இரவில் மழைக்குறி இருந்தால் உள்ளே இழுத்துவிடுங்கள்.

அடித்தலும் தூற்றுதலும்

நன்றாகக் காய்ந்ததும், நல்ல வெயில் நாளின் நடுப்பகலில் தடியால் அடியுங்கள். பெரிய பலம் தேவையில்லை. தண்டுகளைத் தூக்கி உதறி எறிந்தால் படங்கில் விதையும் உடைந்த கோதும் மிஞ்சும். முதலில் அரிதட்டில் அரித்துப் பெரிய கோதை நீக்குங்கள். மீதியைச் சுளகில் எடுத்துப் புடைக்கவேண்டும்.

நெல் புடைத்துப் பழகியவர்களுக்கும் இங்கே கை கொஞ்சம் தடுமாறும். கடுகு உருண்டை, சுளகில் நிற்காது. நெல்லைப்போல ஓங்கி எறிந்தால் விதையும் சேர்ந்து வெளியே பாயும். சுளகை ஒரு பக்கமாக இலேசாகச் சாய்த்து, மெல்லத் தட்டுங்கள். விதை தானாகவே உருண்டு தாழ்ந்த பக்கத்துக்கு வந்துவிடும், கோது மேலேயே தங்கிவிடும். உருண்டு வருவதை ஒரு பெட்டியில் ஏந்திக்கொண்டு, கோதை வாயால் ஊதினால் போதும். பலத்த காற்றில் தூற்றவேண்டாம், கடுகு பறந்துவிடும்.

பிறகு இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்து, ஆறவிட்டு, ஈரமில்லாத போத்தலில் போட்டு இறுக்கி மூடுங்கள். சூட்டோடு போத்தலில் போட்டால் உள்ளே வியர்த்துக் கட்டிபடும். ஒரு வருடத்துக்கு மேலேயே நன்றாக இருக்கும்.

பிரமதண்டை மட்டும் விட்டுவிடாதீர்கள்

இதை வாசிக்காமல் தாண்டவேண்டாம். உலர்ந்த காணிகளிலும் வீதியோரங்களிலும் முள் நிறைந்த ஒரு செடி நிற்கும். இலை நீலம் கலந்த பச்சை, நரம்பு வெள்ளை, பூ பளீரென்ற மஞ்சள், ஒடித்தால் மஞ்சள் பால் வடியும். பிரமதண்டு, குடியோட்டிப்பூண்டு என்று சொல்வார்கள். இதன் விதை கடுகைப்போலவே இருக்கும், விஷம். கடுகோடு சேர்ந்து எண்ணெயில் கலந்தால் கால் வீங்கி, மூச்சு வாங்கி, இதயம் பாதிக்கும் நோய் வரும். 1998இல் டெல்லியில் கலப்படக் கடுகெண்ணெயால் இப்படி அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்துபோனார்கள்.

பாத்தியிலும் வேலியோரத்திலும் இந்தச் செடி கண்ணில் பட்டால் காய்க்குமுன் பிடுங்கிவிடுங்கள், கையுறை அல்லது துணி சுற்றிக்கொண்டு. அறுவடை செய்த கடுகை வெள்ளைத் தட்டில் பரப்பி ஒருமுறை பாருங்கள். கடுகு பார்வைக்கு வழவழப்பான உருண்டை. பிரமதண்டு விதை சரியான உருண்டையாக இருக்காது, மேலே வலை பின்னியதுபோல் சொரசொரப்பாக இருக்கும், ஒரு பக்கம் சிறிய கூர் தெரியும். வெளியில் வாங்கும் கடுகுக்கும் இதே சோதனைதான்.

காரம் எங்கே இருக்கிறது

ஒரு முழுக் கடுகை வாயில் போட்டு விழுங்கினால் காரமே தெரியாது. கடித்தால்தான் ஏறும். விதைக்குள் காரத்துக்கான பொருளும் அதைத் தூண்டிவிடும் நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. விதை உடைந்து, தண்ணீரும் பட்டால் இரண்டும் சேர்ந்து காரத்தை உண்டாக்கும். அந்த நொதி சூட்டில் செத்துவிடும். தாளிக்கும்போது கொதி எண்ணெயில் போட்ட கடுகு படபடவென்று வெடித்தாலும் காரமில்லாமல் வாசமாக மட்டும் இருப்பது இதனால்தான்.

ஆகவே காரம் வேண்டும் என்றால் பச்சைத் தண்ணீரில் அரைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் பொறுக்கவேண்டும். அம்மியில் அரைக்கிறவர்கள் முகத்தைக் கொஞ்சம் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே விட்டுவிட்டால் காரம் மெல்ல ஆவியாகிப் போய்விடும், வினாகிரி சேர்த்தால் பிடித்து வைத்திருக்கும். காத்தான்குடியிலும் கல்முனையிலும் கலியாண வீட்டுப் புரியாணிக்குப் பக்கத்தில் வைக்கும் அச்சாறில் கடுகு மூக்கில் ஏறுகிறதே, அதன் இரகசியம் இதுதான்.

உங்கள் முதல் அறுவடைக்கு ஒரு அச்சாறு செய்யுங்கள். தோலுரித்த சின்ன வெங்காயம் அரைக் கிலோ, பச்சைமிளகாய் ஒரு கைப்பிடி, விரல் நீளத்துக்கு வெட்டிய கரட் ஒன்று. ஒரு கோப்பை வினாகிரியில் உப்பும் இரண்டு தேக்கரண்டி சீனியும் போட்டுக் கொதிக்கவைத்து, வெங்காயத்தையும் மிளகாயையும் கரட்டையும் அதில் ஒரு நிமிடம் போட்டு எடுத்துவிடுங்கள். வினாகிரியை முழுதாக ஆறவிடுங்கள். இதற்குள் இரண்டு மேசைக்கரண்டி கடுகை, நாலு பல் உள்ளி, ஒரு துண்டு இஞ்சியோடு பச்சைத் தண்ணீர் தெளித்து அரைத்துக் கால் மணி நேரம் வையுங்கள். பிறகுதான் ஆறிய வினாகிரியில் கரைத்து எல்லாவற்றையும் சேர்க்கவேண்டும். சூடாக இருக்கும்போது அவசரப்பட்டுக் கலந்தால் காரம் போய், ஒரு கசப்பு மட்டும் மிஞ்சும். கண்ணாடிப் போத்தலில் போட்டு இரண்டு மூன்று நாள் பொறுத்துத் திறவுங்கள்.

மருந்தாக

நாவூறு கழிக்கச் செத்தல் மிளகாயும் உப்பும் கடுகும் சேர்த்து நெருப்பில் போடுவதை நான் மருந்துக் கணக்கில் சேர்க்கவில்லை. அது வேறு விஷயம்.

மூட்டு வலிக்கும் சளிக்கும் கடுகைப் பற்றுப் போடுவது பழைய வழக்கம். அது தோலுக்கு இரத்த ஓட்டத்தை இழுத்துச் சூடு கொடுக்கும், ஆனால் எரித்துப் புண்ணாக்கவும் செய்யும். மாவோடு கலந்து, துணிக்கு நடுவில் வைத்து, பத்து நிமிடத்துக்குள் எடுத்துவிடுங்கள். தோல் சிவந்தால் உடனே கழுவவேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கும், புண்ணுள்ள இடத்திலும் வேண்டாம். நீரிழிவால் காலில் உணர்வு குறைந்தவர்கள் கிட்டவும் போகக்கூடாது, வெந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. கடுகு கலந்த தண்ணீரில் கால் வைக்கிறவர்கள் இளஞ்சூட்டுத் தண்ணீரே எடுங்கள். கொதிநீர் காரத்தைக் கொன்றுவிடும், காலையும் சுடும்.

மண்ணெண்ணெயோ பூச்சிமருந்தோ தவறுதலாகக் குடித்த பிள்ளைக்குக் கடுகைக் கரைத்துக் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பது முந்தைய காலத்தில் நடந்தது. செய்யவே கூடாது. வாந்தி நுரையீரலுக்குப் போனால் விஷத்தைவிட அது ஆபத்தாகிவிடும். நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், போத்தலையும் கையோடு எடுத்துப்போங்கள். கடுகு ஒத்துக்கொள்ளாத உடம்பும் சிலருக்கு உண்டு. சாப்பிட்டதும் உதடு வீங்கினாலோ தடிப்பு எழும்பினாலோ மறுபடி தொடவேண்டாம். பரியாரி சொன்ன அளவுக்கு மேல் நீங்களாகக் கூட்டவும் வேண்டாம்.

அடுத்த விதைப்புக்கு

வெட்டுமுன், பூச்சி பிடிக்காமல் நன்றாகக் கிளைத்த நாலைந்து செடிக்குத் துணிக்கீலம் கட்டி அடையாளம் வையுங்கள். அவற்றைத் தனியாக அடித்து, நிழலில் ஒரு நாள் ஆறவிட்டு, சின்னப் போத்தலில் அடுப்படிச் சூடு படாத இடத்தில் வையுங்கள். மேலே வருடத்தை எழுதி ஒட்டிவிடுங்கள், தாளிக்கும் அவசரத்தில் யாராவது அதை எடுத்துச் சட்டியில் கொட்டிவிடக்கூடும். காலியான பாத்தியில் பங்குனி வெயிலுக்கு முன்னமே பயறோ கௌபியோ போட்டுவிடலாம், கடுகின் அடித்தண்டை மட்டும் பிடுங்கி எரித்துவிடுங்கள்.